சரக்கு டெலிவரித் தொழிலுக்கு எந்த வேன் வாங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சொந்தமாக ஒரே ஒரு வேன் வாங்கி, பிறருடைய சரக்கை வாடகைக்கு ஏற்றிச் சென்று தொழில் செய்ய நினைப்பவர்களுக்காக எழுதியது இது. பத்து வண்டி ஓடும் நிறுவனத்தில் ஒரு வண்டி சரக்குக்குப் பொருந்தாவிட்டால் இன்னொன்றை அனுப்பிச் சமாளித்துவிடுவார்கள். ஒற்றை வண்டிக்காரருக்கு அந்த வழி கிடையாது. தவறான வண்டி வாங்கினால் தவணை முடியும் வரை அதோடுதான் மல்லுக்கட்ட வேண்டும். ஆகவே சில பதில்கள் கறாராகவே இருக்கும்.

எந்த வேன் நல்லது என்று ஒரே வரியில் சொல்ல முடியுமா?

முடியாது. என்ன சரக்கு, ஒரு நாளில் எத்தனை இடங்களில் இறக்க வேண்டும், எவ்வளவு தூரம் ஓட வேண்டும் என்ற மூன்றும் தெரியாமல் வண்டியின் பெயரைச் சொல்பவர் உங்களுக்கு விற்கப் பார்க்கிறார் என்று பொருள். சரக்கைத் தீர்மானித்துவிட்டால் வண்டியின் அளவு, பாடி, எஞ்சின் எல்லாம் ஏறத்தாழ தாமாகவே முடிவாகிவிடும்.

“எது கிடைத்தாலும் ஏற்றுவேன்” என்பது புதியவர்களிடம் வழக்கமாகக் கிடைக்கும் பதில். தொழில் தொடங்குகிறவர் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் எல்லாவற்றுக்கும் பொருந்தும் வண்டி என்று வாங்கப் போனால், பெரும்பாலும் தேவைக்கு மேல் பெரிய வண்டியில் போய் நிற்பார்கள். ஆண்டில் நாலைந்து முறை வரும் பெரிய லோடுக்காக மற்ற நாளெல்லாம் பாதி காலியான பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடுவதில் லாபம் இல்லை. வழக்கமான நாளின் லோடுக்கு வண்டி வாங்குங்கள். அபூர்வமான லோடு வந்தால் அன்றைக்கு மட்டும் பெரிய வண்டியை வாடகைக்கு எடுங்கள்.

இன்னும் வாடிக்கையாளரே இல்லை. என்ன சரக்கு வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

வாங்குவதற்கு முன் சில வாரங்கள் வாடகை வண்டியில் ஓட்டிப் பாருங்கள். அந்த நாட்களில் லாபம் வராமல் போகலாம், தகவல் வரும். ஒவ்வொரு லோடுக்கும் எடை, நீள அகல உயரம், ஏற்றிய இடத்துக்கும் இறக்கிய இடத்துக்கும் உள்ள தூரம், காலியாகத் திரும்பிய தூரம், காத்திருந்த நேரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பேடு எந்த ஷோரூம் விற்பனையாளரையும்விட நேர்மையாகப் பேசும்.

லோடு கொடுப்பவர்களிடமே கேட்பதும் பலன் தரும். கூரியர் நிறுவனங்களும் மொத்தக் கிடங்குகளும் எந்த அளவு வண்டி கேட்கிறார்கள், எதற்குப் பற்றாக்குறை இருக்கிறது என்பதைத் தயங்காமல் சொல்வார்கள். வேலை உறுதியாகும் முன்பே வண்டி வாங்கச் சொல்லி அவசரப்படுத்துகிறவர்களிடம் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

ஒரு வண்டி எத்தனை கிலோ ஏற்றும் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வண்டியில் பொருத்தியிருக்கும் தகட்டைப் பாருங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ, முன்மூடியைத் தூக்கினால் உட்புறத்திலோ, இருக்கைக்குக் கீழேயோ சிறிய தகடு அல்லது ஸ்டிக்கர் இருக்கும். பல வண்டிகளில் அதில் நான்கு எடைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். முதலாவது, வண்டி, சரக்கு, ஆட்கள் எல்லாம் சேர்ந்த அதிகபட்ச மொத்த எடை. இரண்டாவது, பின்னால் டிரெய்லர் மாட்டினால் இரண்டுக்கும் சேர்ந்த எடை. மூன்றாவது முன் அச்சு, அதாவது முன்சக்கர ஜோடி, தாங்கும் எடை, நான்காவது பின் அச்சு தாங்கும் எடை. மொத்த எடையிலிருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் நீங்கள் ஏற்றக்கூடிய பாரம்.

இந்தக் கழித்தலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மொத்த எடை 3,500 கிலோ, காலி எடை 2,150 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1,350 கிலோ ஏற்றலாம் என்று விளம்பரத் தாள் சொல்லும். அதில் ஓட்டுநர் 80, உதவியாளர் 70, உள்ளே அடித்த பலகையும் அலமாரியும் 60, சரக்கு கட்டும் பெல்ட், தள்ளுவண்டி, கருவிப்பெட்டி 40 என்று 250 கிலோ போய்விடும். மீதி 1,100. வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய எண் இதுதான்.

காலி எடை என்பதற்குள் எதெல்லாம் அடங்கும் என்பதும் இடத்துக்கு இடம் மாறும். ஐரோப்பிய விதிகளின்படி ஓடத் தயாரான வண்டியின் எடையில் 75 கிலோ ஓட்டுநரும் 90 விழுக்காடு நிரம்பிய எரிபொருள் டேங்கும் சேர்த்தி. வேறு கணக்குகளில் இவை சேராமல் இருக்கலாம். 80 லிட்டர் டீசல் மட்டுமே கிட்டத்தட்ட 67 கிலோ எடை என்பதால், விற்பவரிடம் இதைக் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

எடை முக்கியமா, இடம் முக்கியமா?

சரக்கைப் பொறுத்தது. அதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஏற்றக்கூடிய கிலோவை, உள்ளே இருக்கும் கன மீட்டரால் வகுத்துவிடுங்கள்.

மேலே சொன்ன வண்டியின் உட்புறம் 3 மீட்டர் நீளம், 1.7 மீட்டர் அகலம், 1.8 மீட்டர் உயரம் என்றால் சுமார் 9 கன மீட்டர். 1,100 கிலோவை 9 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 120 வரும். உங்கள் சரக்கு ஒரு கன மீட்டருக்கு 120 கிலோவுக்கு மேல் இருந்தால், வண்டியில் இடம் மிச்சமிருக்கும்போதே எடை தீர்ந்துவிடும். அதற்குக் கீழே இருந்தால் எடை மிச்சமிருக்கும்போதே இடம் தீர்ந்துவிடும்.

அச்சுத் தாள் பெட்டிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ4 அளவில், சதுர மீட்டருக்கு 80 கிராம் தாள் 500 கொண்ட ஒரு கட்டு சரியாக இரண்டரைக் கிலோ. ஐந்து கட்டு கொண்ட பெட்டி பன்னிரண்டரைக் கிலோ. இந்த வண்டியில் 88 பெட்டி ஏற்றினால் 1,100 கிலோ முடிந்தது. அந்த 88 பெட்டிகளைத் தரையில் நெருக்கி அடுக்கினால் ஓர் அடுக்கு நிறைந்து, மேலே கொஞ்சம் வரும். முழங்கால் உயரம்கூட இல்லை. பின்கதவைத் திறந்து பார்க்கும் வாடிக்கையாளர், “இவ்வளவு இடம் இருக்கிறதே, இன்னும் ஐம்பது பெட்டி போடலாமே” என்பார். போட முடியாது. டைல்ஸ், பெயின்ட், குடிநீர், சோப்புத்தூள் எல்லாம் இதே இனம்தான். இந்த வகைச் சரக்குக்கு உயரமான கூரையும் நீளமான பாடியும் வாங்குவது பணத்தை விரயமாக்குவது மட்டுமல்ல, கேடும்கூட. பாடி பெரிதாகப் பெரிதாகக் காலி எடை கூடும். மொத்த எடை மாறாததால் ஏற்றும் திறன் குறையும். ஒரே மாடலில் குட்டை வண்டி நெட்டை வண்டியைவிட அதிக கிலோ ஏற்றுவது பலருக்கு வியப்பாக இருக்கும்.

மெத்தை, தலையணை, தெர்மாகோல், ஆயத்த ஆடை, விளக்குக் கூண்டு இவற்றுக்கெல்லாம் கதை தலைகீழ். அங்கே கன மீட்டர்தான் காசு. ஆனால் விளம்பரத்தில் சொன்ன கன மீட்டர் முழுவதும் உங்களுக்குக் கிடைக்காது. சக்கரங்களுக்கு மேல் புடைத்து நிற்கும் தகரம், வளைந்த பக்கச்சுவர், பெட்டிகளுக்கு இடையே விழும் சந்து எல்லாம் போக முக்கால் பங்கு தேறினால் நல்ல அடுக்கு என்பேன்.

மொத்த எடைக்குள் இருந்தால் போதாதா? அச்சு எடையை ஏன் தனியாகப் பார்க்க வேண்டும்?

மொத்தம் சரியாக இருந்தும் ஓர் அச்சு மட்டும் அளவு மீறிப் போவது இந்தத் தொழிலில் சாதாரணமாக நடப்பது. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே 3.5 மீட்டர் தூரம் உள்ள வண்டியில், பின் அச்சுக்கு 70 சென்டிமீட்டர் பின்னால், கதவோரமாக, 300 கிலோ வைத்ததாகக் கொள்வோம். நெம்புகோல் கணக்குப்படி பின் அச்சின் மேல் 360 கிலோ ஏறும். முன் அச்சிலிருந்து 60 கிலோ குறையும். ஸ்டீயரிங் லேசாகும், முன்சக்கர இழுவை வண்டியாக இருந்தால் ஈர மேட்டில் சக்கரம் வழுக்கும். இறக்குவது சுலபம் என்று கனமான பொருளைக் கதவோரம் வைக்கும் பழக்கத்தின் விலை இது.

இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. காலையில் சரியாக ஏற்றிய லோடு, வழியில் பின்பக்கச் சரக்கை இறக்க இறக்க முன் அச்சைச் சோதிக்க ஆரம்பிக்கும். பின்னால் இருந்த பாரம் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருந்தது. அது இறங்கியதும் முன்பக்கம் அமுங்குகிறது. மொத்த எடை குறைந்த பிறகும் முன் அச்சு எல்லையைத் தாண்டலாம். பல இடங்களில் இறக்கும் வேலை செய்பவர்கள் பாதி இறக்கிய பின் மீதியை நடுவுக்கு நகர்த்த வேண்டியிருக்கும். பக்கவாட்டுச் சறுக்குக் கதவு உள்ள வண்டி இதற்கு உதவும். சரக்கை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்தால் பாரமும் ஓரளவு சமமாகக் குறையும்.

நூறு இருநூறு கிலோ கூடுதலாக ஏற்றினால் என்ன ஆகிவிடும்?

ஒரு நாள் ஒன்றும் ஆகாது. அதனால்தான் பழக்கமாகிறது. பிரேக் பிடித்து வண்டி நிற்கும் தூரம் கூடும், டயர் சூடேறும், பின் ஸ்பிரிங் தொய்யும், சக்கர பேரிங் விரைவில் சத்தம் போடும். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் பார்ப்பது எடைச் சீட்டைத்தான். மாட்டிக்கொண்டால் அபராதம் ஓட்டுநர் தலையில் விழும். ஏற்றச் சொன்னவர் தொலைபேசியை எடுக்க மாட்டார்.

ஓட்டுநர் உரிமத்துக்கும் வண்டி எடைக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. சாதாரண கார் உரிமத்தில் எத்தனை கிலோ வரை ஓட்டலாம் என்ற கோடு நாட்டுக்கு நாடு மாறும். பல நாடுகளில் 3,500 கிலோ, வேறு சிலவற்றில் 7,500 கிலோ. இது நீங்கள் ஏற்றிய எடையைக் குறிப்பதல்ல. வண்டிக்கு அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைக் குறிப்பது. காலியாக ஓட்டினாலும் அதே கணக்கு. வாடகைக்குச் சரக்கு ஏற்றுவதற்குத் தனி அனுமதி, வேலை நேரப் பதிவுக் கருவி போன்றவை எந்த எடையிலிருந்து தேவை என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன் போக்குவரத்துத் துறையில் கேட்டுவிடுங்கள்.

பேலட் (சரக்கை அடுக்கும் மரத்தட்டு) ஏற்ற வேண்டும். எதை அளந்து பார்க்க வேண்டும்?

அளவு நாடாவோடு போங்கள். சரக்குப் பகுதியின் அகலத்தைச் சுவரிலிருந்து சுவருக்கு அளப்பது போதாது. இரண்டு பக்கமும் சக்கரங்களுக்கு மேல் புடைத்திருக்கும் தகரங்களுக்கு நடுவே தரையில் எவ்வளவு இருக்கிறது என்று அளவிடுங்கள். ஐரோப்பிய பேலட் 1,200 × 800 மில்லிமீட்டர். தொழிற்சாலைகளில் புழங்கும் பெரிய வகை 1,200 × 1,000. வட அமெரிக்காவில் வழக்கமானது 48 × 40 அங்குலம், அதாவது 1,219 × 1,016 மில்லிமீட்டர். நடு அகலம் 1,200க்குக் குறைந்தால் பேலட்டை நீளவாக்கில்தான் வைக்க முடியும். ஏற்றும் எண்ணிக்கை குறைந்துவிடும். அந்த 19 மில்லிமீட்டர் வித்தியாசத்தில் பேலட் உள்ளே போகாமல் கிடங்கு வாசலில் நிற்பது, வண்டிக்காரரைத் தவிர மற்றவர்களுக்கு வேடிக்கையான காட்சி.

அடுத்து கதவு. உள்ளே 1.8 மீட்டர் உயரம் இருந்தாலும் கதவுச் சட்டம் அதைவிடத் தாழ்வாக இருக்கும். பேலட் மேல் அடுக்கிய சரக்கு நுழைய வேண்டியது அந்தச் சட்டத்துக்குள்தான். பக்கக் கதவு வழியாக ஃபோர்க்லிஃப்ட்டில் ஏற்றுவதாக இருந்தால் அதன் திறப்பையும் அளவிடுங்கள். பின்கதவுகள் 270 பாகை திரும்பி வண்டியின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளுமா என்பதையும் பாருங்கள். கிடங்கு மேடையில் பின்னோக்கி ஒட்டி நிறுத்தும்போது இதன் அருமை தெரியும்.

உயரமான கூரை வேண்டுமா?

நாள் முழுவதும் உள்ளே நின்று பார்சல் பிரிப்பவருக்கு வேண்டும். குனிந்தே வேலை செய்யும் முதுகு சில மாதங்களில் கணக்குக் கேட்கும். கனமான, தாழ்வான சரக்கு ஏற்றுபவருக்கு வேண்டாம்.

உயரத்துக்கு விலை உண்டு. பல அடுக்கு வாகன நிறுத்தங்கள், அடித்தள நுழைவாயில்கள் பலவற்றில் 2 மீட்டரை ஒட்டிய உயரத் தடை இருக்கும். உயரக் கூரை வேன் இரண்டரை மீட்டரைத் தாண்டிவிடும். காற்றுத் தடையும் கூடும். அது வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுவதால், மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 110க்குப் போனால் காற்றின் எதிர்ப்பு மட்டும் ஏறக்குறைய பாதி கூடிவிடும். நெடுஞ்சாலை ஓட்டம் அதிகமாக இருப்பவர்களின் எரிபொருள் கணக்கில் இது நேரடியாகத் தெரியும்.

மூடிய வேனா, தனிப் பெட்டி பாடியா, திறந்த தளமா?

பார்சல், மின்னணுப் பொருள், மருந்து, ஆடை என்றால் மூடிய வேன். பூட்டலாம், மழை புகாது, ஓட்டவும் கார் மாதிரி இருக்கும்.

வீடு மாற்றும் வேலை, மரச்சாமான், பெரிய அட்டைப்பெட்டிகள் என்றால் சேஸி (வண்டியின் அடிச்சட்டம்) மேல் கட்டிய செவ்வகப் பெட்டி பாடி நல்லது. சுவர் நேராக இருப்பதால் மூலைவரை அடுக்கலாம். ஆனால் அது கனமானது, காற்றில் ஆடும், தளமும் உயரமாக இருக்கும். திறந்த தளம் இரும்புக் கம்பி, குழாய், மரம், கட்டுமானப் பொருள் ஆகியவற்றுக்கு. கிரேனால் மேலிருந்து இறக்க வேண்டியதை வேறெதிலும் ஏற்ற முடியாது. தார்ப்பாய், கயிறு, நனைந்த சரக்கு பற்றிய வாக்குவாதம் இவையெல்லாம் அதோடு இலவசம்.

பின்புறம் ஹைட்ராலிக் லிஃப்ட் பொருத்தலாமா? குளிரூட்டிய பாடி?

லிஃப்டின் எடையே ஏற்றும் திறனில் நூறு கிலோவுக்கு மேல் எடுத்துக்கொள்ளும். அதுவும் பின் அச்சுக்குப் பின்னால், மிக மோசமான இடத்தில். குளிரூட்டிய பாடி நல்ல வாய்ப்புதான். கட்டணம் கூடுதல், போட்டி குறைவு. ஆனால் தடித்த சுவர் உள் அகலத்தைத் தின்னும், எந்திரமும் எடை சேர்க்கும். உறைந்த உணவை மைனஸ் 18 பாகை செல்சியஸில் வைத்திருக்க வேண்டும் என்றால் கதவை அடிக்கடி திறக்கும் நகரச் சுற்றில் எந்திரம் ஓயாமல் உழைக்கும். கையில் ஒப்பந்தம் இல்லாமல் இரண்டையும் வாங்காதீர்கள்.

டீசல், பெட்ரோல், கேஸ், மின்சாரம்: எது?

நீண்ட தூரம், கனமான லோடு என்றால் டீசல் இன்னும் அசைக்க முடியாத இடத்தில் இருக்கிறது. ஆனால் நகருக்குள் அரைக் கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி அணைத்து ஓடும் வேலைக்கு இன்றைய டீசல் எஞ்சின் ஏற்றதல்ல. புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி, அந்தக் கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள 600 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பம் வேண்டும். சீரான வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால்தான் அந்தச் சூடு வரும். குறுகிய ஓட்டத்திலேயே காலம் தள்ளினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எச்சரிக்கை விளக்கு எரியும், எஞ்சின் இழுவை குறையும், பட்டறைச் செலவு வலிக்கும். புகையைச் சுத்தமாக்க யூரியா கரைசல் ஊற்ற வேண்டிய வண்டியா என்பதையும் பாருங்கள். 32.5 விழுக்காடு யூரியா கலந்த அந்த நீர் தீர்ந்துவிட்டால் பல வண்டிகள் மறுபடி ஸ்டார்ட் ஆகாது.

சிறிய வேன், குறைந்த தூரம் என்றால் பெட்ரோல் தொந்தரவில்லாதது. கேஸ் வண்டியில் நிரப்பும் இடம் உங்கள் பாதையில் இருக்கிறதா, சிலிண்டர் சரக்கு இடத்தைத் தின்கிறதா என்ற இரண்டு கேள்வி போதும்.

மின்வேனைப் பற்றி இரண்டு பக்கமும் மிகைப்படுத்திப் பேசுகிறார்கள். கணக்கு நேரானது. நடுத்தர மின்வேன் 100 கிலோமீட்டருக்கு 20 முதல் 30 யூனிட் வரை இழுக்கும். 60 யூனிட் பேட்டரியும் 30 யூனிட் செலவும் என்றால் 200 கிலோமீட்டர். ஐந்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக வைத்தால் 160. கடும் குளிர், முழு பாரம், வேகமான நெடுஞ்சாலை மூன்றும் சேர்ந்தால் இன்னும் குறையும். உங்கள் அன்றாடச் சுற்று நூறு கிலோமீட்டருக்குள், வண்டி இரவில் உங்கள் இடத்திலேயே நிற்கும் என்றால், 11 கிலோவாட் சார்ஜரில் ஆறு மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். நகரத்தில் நிறுத்தி நிறுத்தி ஓடுவது டீசலுக்குத் தண்டனை, மின்வண்டிக்கோ பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கொஞ்சம் மின்சாரம் திரும்பக் கிடைக்கும். இரவில் சொந்தமாகச் சார்ஜ் போட வழியில்லாதவர் பொதுச் சார்ஜரில் காத்துக் கிடக்கும் நேரத்தையும் செலவாக எழுத வேண்டும். பேட்டரியின் எடையால் ஏற்றும் திறன் எவ்வளவு குறைகிறது என்பதைத் தகட்டில் பார்த்துவிடுங்கள்.

முன்சக்கர இழுவையா, பின்சக்கர இழுவையா?

தளம் தாழ்வாக இருந்து ஏறி இறங்கச் சுலபமாக வேண்டும் என்றால் முன்சக்கர இழுவை. எப்போதும் முழு பாரம், மேடு, டிரெய்லர் என்றால் பின்சக்கர இழுவை. பார்சல்காரர் நாளெல்லாம் ஏறி இறங்குவார். அவருக்குத் தளத்தின் உயரமே பெரிய விஷயம்.

புதிய வண்டியா, பழையதா?

புதிய வண்டி முதல் சில ஆண்டுகளில்தான் மதிப்பை வேகமாக இழக்கும். அந்த இழப்பை வேறொருவர் சுமந்த பிறகு வாங்குவது ஒற்றை வண்டிக்காரருக்குப் பெரும்பாலும் லாபம். ஆனால் வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் உங்களுக்கு வருமானம் இல்லாத நாள். வாடிக்கையாளர் வேறு ஆளைத் தேடும் நாளும்கூட. தினசரி நேரக் கெடு உள்ள ஒப்பந்தம் என்றால் உத்தரவாதம் மிச்சமிருக்கும், மூன்று நான்கு ஆண்டு ஓடிய வண்டியை நான் விரும்புவேன். லீஸில் எடுப்பவர்கள் கிலோமீட்டர் வரம்பையும், திருப்பித் தரும்போது கீறல், நசுங்கலுக்குப் பிடிக்கும் தொகையையும் படித்துப் பாருங்கள். சரக்கு வேன் கீறல் இல்லாமல் திரும்பாது.

பழைய வேனைப் பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது?

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போங்கள். நீங்கள் வருவதற்கு முன் ஓட்டிச் சூடேற்றி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முன்மூடியைத் தொட்டால் தெரிந்துவிடும். ஸ்டார்ட் ஆனதும் புகையைப் பாருங்கள். நீலப் புகை எண்ணெய் எரிவதைச் சொல்லும். கரும்புகை எரிபொருள் சரியாக எரியாததைச் சொல்லும். சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, குளிர்விக்கும் நீர் உள்ளே கசிவதாக இருக்கலாம்.

பிறகு எஞ்சினை விட்டுவிட்டு சரக்குப் பகுதிக்கு வாருங்கள். வண்டியின் உண்மையான வரலாறு அங்கேதான் இருக்கிறது. தரைப் பலகையைத் தூக்கிப் பாருங்கள். கீழே தகரம் பள்ளம் பள்ளமாக அமுங்கியிருந்தால் அளவு மீறி ஏற்றியிருக்கிறார்கள். சறுக்குக் கதவைப் பலமுறை திறந்து மூடுங்கள்; உருளைகள் தேய்ந்திருந்தால் கதவு கடைசியில் தொங்கி இடிக்கும். பார்சல் வேனில் இந்தக் கதவுதான் எஞ்சினைவிட அதிகம் உழைத்திருக்கும். பின்னால் தள்ளி நின்று, காலி வண்டி ஒரு பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள்.

டயரின் பக்கச்சுவரில் இரண்டு எண்களைத் தேடுங்கள். ஒன்று நான்கு இலக்கத் தயாரிப்புத் தேதி: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். மற்றொன்று பாரக் குறியீடு: 104 என்றால் ஒரு டயர் 900 கிலோ தாங்கும், 109 என்றால் 1,030, 112 என்றால் 1,120. ஒரு பின் டயர் தாங்குவதை இரண்டால் பெருக்கினால், தகட்டில் இருக்கும் பின் அச்சு எடைக்குக் குறையக் கூடாது. விற்பதற்காக மலிவான கார் டயர் மாட்டிய வேன்கள் சந்தையில் உண்டு. உள்விளிம்பு மட்டும் தேய்ந்த டயர், சக்கர அமைப்பு கோணலாக இருப்பதைக் காட்டும்.

ஓடோமீட்டர் குறைவாகக் காட்டினால் கிளட்ச் பெடலின் ரப்பரையும் ஓட்டுநர் இருக்கையின் கதவுப் பக்க விளிம்பையும் பாருங்கள். எண்ணை மாற்றியவர்கள் பெடல் ரப்பரை மாற்ற மறந்துவிடுவார்கள். சேஸியில் பொறித்த 17 எழுத்து, எண் கொண்ட குறியீடு ஆவணத்தோடு ஓர் இடத்தில்கூட மாறக் கூடாது. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின் என்றால் அதை எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். வாய்ச்சொல் ரசீதாகாது.

ஒரு கிலோமீட்டருக்கு எவ்வளவு செலவாகிறது என்று எப்படிக் கணக்கிடுவது?

மாதம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வரும் செலவுகளைக் கூட்டுங்கள்: தவணை வட்டி, காப்பீடு, வரி, நிறுத்துமிட வாடகை. அதை மாதம் ஓடும் கிலோமீட்டரால் வகுங்கள். அதோடு ஓடினால் மட்டும் வரும் செலவைச் சேருங்கள்: எரிபொருள், டயர், எண்ணெய், பிரேக், சுங்கம். பலர் விட்டுவிடுவது மதிப்பிழப்பு. வாங்கிய விலையிலிருந்து விற்கப்போகும் விலையைக் கழித்து, அதற்குள் ஓடவிருக்கும் மொத்தக் கிலோமீட்டரால் வகுத்தால் அதுவும் கிடைத்துவிடும். கடைசியாக உங்கள் சம்பளம். அது செலவுதான், மிச்சத்தில் எடுத்துக்கொள்வது என்று வைத்தால் மிச்சமே இருக்காது.

இனி காலி ஓட்டம். 120 கிலோமீட்டர் லோடோடு போய், 120 கிலோமீட்டர் காலியாகத் திரும்பினால், வாடகை தரும் ஒவ்வொரு கிலோமீட்டரும் இரண்டு கிலோமீட்டரின் செலவைச் சுமக்கிறது. திரும்பும் லோடு கிடைக்கிற பாதையா என்பதும் வண்டித் தேர்வைப் பாதிக்கும். குளிர்சாதனம் போன்ற தனிவகை பாடிக்குத் திரும்பும் லோடு அரிது. சாதாரண மூடிய வேனுக்கு எளிது.

காப்பீடு வழக்கமானது போதுமா?

போதாது. சொந்தப் பொருளை ஏற்றுவதற்கான காப்பீடும், பிறர் பொருளைக் கூலிக்கு ஏற்றுவதற்கான காப்பீடும் வேறுவேறு. விண்ணப்பத்தில் இதை மறைத்தால் கேட்கும் நாளில் பணம் வராது. வண்டிக் காப்பீடு சரக்கைக் காக்காது. அதற்குத் தனியாக எடுக்க வேண்டும். எல்லை தாண்டிய சாலைச் சரக்குக்கு 1956ஆம் ஆண்டின் சி.எம்.ஆர். ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளில், 1978இல் வந்த திருத்தத்தின்படி, ஏற்றிச் செல்பவரின் பொறுப்பு பொதுவாகக் கிலோவுக்கு 8.33 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). 5 கிலோ மடிக்கணினிப் பெட்டி தொலைந்தால் 41.65 எஸ்.டி.ஆர். மட்டுமே. வாடிக்கையாளர் முழு மதிப்பையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்வார் என்பதால், கையெழுத்திடும் முன் உங்கள் காப்பீடு அந்தத் தொகையைத் தாங்குமா என்று பாருங்கள்.

சரக்கைக் கட்டுவதற்கு வண்டியில் என்ன இருக்க வேண்டும்?

கேபினுக்கும் சரக்குக்கும் நடுவே முழு உயர இரும்புத் தடுப்பு, தரையில் போல்ட் போட்ட வளையங்கள். இவை இரண்டும் இல்லாத வண்டியைப் பேரம் பேசாமலே விட்டுவிடலாம். சரக்கு கட்டுவதற்கான ஐரோப்பியத் தர விதி, முன்பக்கமாக எடையின் 0.8 பங்கையும் பக்கவாட்டிலும் பின்னோக்கியும் 0.5 பங்கையும் தாங்கும்படி கட்டச் சொல்கிறது. 500 கிலோ எந்திரம் என்றால் திடீர் பிரேக்கில் அது 400 கிலோ விசையோடு உங்கள் முதுகை நோக்கி வரும் என்று பொருள். பேலட்டுக்குக் கீழே ரப்பர் பாய் போட்டால் பெல்ட்டின் வேலை பெரிதும் குறையும்.

ஏசி, நல்ல இருக்கை, பின்பக்கக் கேமரா இதெல்லாம் ஆடம்பரமா?

இல்லை. நாளில் பத்து மணி நேரம் உட்காரும் இடம் அது. மூடிய வேனுக்குப் பின்கண்ணாடி வழியே எதுவும் தெரியாது. ஒரே ஒருமுறை சுவரில் இடித்தால் ஆகும் செலவில் கேமரா வந்துவிடும். தானியங்கி கியர் நகரச் சுற்றுக்கு நன்று. அலங்கார அலாய் சக்கரம், பெரிய திரை ஆகியவற்றுக்குப் பணம் தர வேண்டியதில்லை.

வண்டி கைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டியது என்ன?

டேங்கை நிரப்புங்கள். பெல்ட், தள்ளுவண்டி, கருவிப்பெட்டி, ஸ்டெப்னி எல்லாவற்றையும் ஏற்றி, வழக்கமாக உடன் வருபவரையும் உட்கார வைத்து, எடை மேடைக்குப் போங்கள். முழு வண்டியை ஒருமுறை, முன் அச்சை மட்டும் ஒருமுறை, பின் அச்சை மட்டும் ஒருமுறை எடை போட்டு, சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். தகட்டில் உள்ள எண்களிலிருந்து இவற்றைக் கழித்து, மிஞ்சும் மூன்று எண்களைப் பெரிதாக எழுதிச் சூரியத் தடுப்புப் பலகையில் ஒட்டிவையுங்கள். “எவ்வளவு ஏற்றும்?” என்று யார் தொலைபேசியில் கேட்டாலும் அதைப் பார்த்துப் பதில் சொல்லலாம். அலமாரியோ லிஃப்டோ புதிதாகப் பொருத்தினால் மறுபடி எடை போட்டு, பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டுங்கள்.